வகுப்பறைக்குள் நன்னடத்தை அலுவலர்: யாருடைய பெயர் கோப்பில் ஏறும்?

2023 ஆகஸ்ட் 9ஆம் நாள் இரவு, திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பன்னிரண்டாம் வகுப்பு படித்துவந்த தலித் மாணவர் ஒருவரின் வீட்டுக்குள் புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுப்பட்டார். பிடிக்கப்பட்ட சிறுவர்களில் வள்ளியூரில் அவரோடு ஒரே பள்ளியில் படித்தவர்களும் இருந்தார்கள். இவை எல்லோரும் அறிந்த செய்திகள். அந்த இரவுக்கு முந்தைய நாட்களைப் பற்றித்தான் நாம் போதிய அளவு பேசவில்லை. சாதியைச் சொல்லித் தொடர்ந்து துன்புறுத்தப்பட்ட அம்மாணவர் சில நாட்களாகப் பள்ளிக்குச் செல்லாமல் இருந்தார். ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான் நடந்தது வெளியே வந்தது. புகார் எழுதப்பட்டது. அதன்பின் வெட்டு விழுந்தது.

பள்ளிக்கு வராமல் இருப்பது என்ற அந்த ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

நாங்குநேரிக்குப் பின் நடந்த கலந்துரையாடல்கள் பலவற்றில் ஒரு யோசனை திரும்பத் திரும்ப எழுந்தது. இளைஞர் நீதி அமைப்பில் பணியாற்றும் நன்னடத்தை அலுவலர்களைப் பள்ளிகளிலேயே அமர்த்தினால் என்ன? வழிதவறக்கூடிய மாணவர்களை அவர்கள் முன்கூட்டியே கண்டறிந்து ஆற்றுப்படுத்துவார்கள், மோதல் அரிவாள் வரை போகாது என்பது வாதம். இதை முன்வைத்தவர்களில் நல்லாசிரியர்களும் உண்டு, நம் தோழர்களும் உண்டு. அமெரிக்காவில் இது முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடைமுறையில் இருக்கிறது என்பதும் அவர்கள் எடுத்துக்காட்டும் சான்று. நல்லெண்ணத்தில் எழுந்த யோசனை என்பதாலேயே இதை விரிவாகப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட சிறாரோடு நன்னடத்தை அலுவலர் பள்ளிவரை வருவது தேவை. இன்று அது நடக்காதிருப்பதே குறை. எந்தக் குற்றமும் செய்யாத மாணவர்களை 'ஆபத்தில் இருப்பவர்கள்' என்று கணித்துக் கோப்பு திறக்க அவர் பள்ளிக்குள் வருவாரானால், அக்கோப்பில் முதலில் ஏறுவது தலித் குழந்தையின் பெயராகத்தான் இருக்கும் என்பது நம் நிலைப்பாடு.

சட்டத்தில் அவர் யார்?

கல்லூரி மாணவர்களுக்காகச் சற்று அடிப்படையிலிருந்து தொடங்குவோம். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015, நன்னடத்தை அலுவலர் என்று இரு வகையினரைக் குறிக்கிறது. 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் மாநில அரசு நியமிப்பவர்கள் முதல் வகை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பணியாற்றும் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் இரண்டாம் வகை. தமிழ்நாட்டில் முதல் வகையினர் சிறை மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் நன்னடத்தைப் பிரிவில் இருக்கிறார்கள். பள்ளிக்குள் வரப்போகிறவர் எந்தத் துறையிலிருந்து வருகிறார் என்பதை இந்த யோசனையை ஆதரிப்பவர்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதினெட்டு வயது நிறையாத ஒருவர் குற்றச்சாட்டின் பேரில் பிடிக்கப்பட்டால், பெற்றோருக்குத் தெரிவிப்பதோடு நன்னடத்தை அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 13. குழுமத்தின் முன் முதன்முறை நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் அவர் சமூக விசாரணை அறிக்கை ஒன்றைத் தர வேண்டும். சிறுவனின் குடும்பம், படிப்பு, நட்பு, உழைப்பு, அவன்மேல் நிகழ்ந்த வன்முறை எல்லாவற்றையும் வீட்டுக்குச் சென்று விசாரித்து எழுத வேண்டிய அறிக்கை அது. பிணை கிடைக்குமா, கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்படுவானா, கண்டித்து அனுப்பப்படுவானா, மூன்றாண்டு வரையிலான நன்னடத்தைக் காலத்துக்குப் பெற்றோர் பொறுப்பில் விடப்படுவானா என்ற ஒவ்வொரு கட்டத்திலும் அவ்வறிக்கையின் நிழல் விழுகிறது. ஒரு நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் கொண்ட குழுமம் அந்தச் சிறுவனைச் சில நிமிடங்கள் பார்க்கிறது. மற்றபடி அவன் யார் என்று அவர்கள் அறிவது அலுவலரின் எழுத்து வழியாகத்தான்.

2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகளில் இவ்வறிக்கைக்கான படிவம் இணைக்கப்பட்டிருக்கிறது. பள்ளியை விட்டு ஏன் நின்றாய் என்ற கேள்விக்கு அதில் நீண்ட விடைப்பட்டியல் உண்டு. தேர்வில் தோல்வி, ஆர்வமின்மை, சம்பாதிக்க வேண்டிய நிலை, சக மாணவர் தொல்லை, ஆசிரியரின் அலட்சியம், பள்ளியில் அவமானம், உடல் தண்டனை எனப் பலவற்றிலிருந்து ஒன்றைக் குறிக்கலாம். எழுதியவர்கள் பள்ளிக்கூடத்தை அறிந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த அவமானம் எதன் பெயரால் நிகழ்ந்தது என்று கேட்க அப்பட்டியலில் இடமில்லை. சிறுவனின் சாதி படிவத்தில் கேட்கப்படுகிறது, அவனைப் பற்றிய விவரமாக. அவனுக்கு நிகழ்ந்ததை விளக்கும் காரணமாகச் சாதி எங்கும் வருவதில்லை.

எங்கள் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறோம். அடையாளம் தரும் எதையும் சொல்லாமல் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் கைப்பேசித் திருட்டு வழக்கில் ஒரு சிறுவனுக்காக நாங்கள் முன்னிலையானோம். சமூக விசாரணை அறிக்கையில் 'குற்றச்சூழல் நிறைந்த பகுதியில் வசிக்கிறார்' என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பகுதிக்கு நீங்கள் போனீர்களா என்று அலுவலரிடம் விசாரணைக்கு வெளியே கேட்டோம். போகவில்லை என்று ஒப்புக்கொண்டார். முகவரியில் 'காலனி' என்று இருந்தது. அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். கெட்ட மனிதர் அல்லர். மாவட்டம் முழுவதற்கும் அவர் ஒருவர், வண்டி கிடையாது, ஒப்பந்த ஊதியம். அவசரத்தில் எழுதும் கைக்குச் சாதிச் சமூகம் எந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கிறது என்பதற்கு அந்த வரி எங்களுக்கு மறக்கமுடியாத சான்றாகிவிட்டது. குழுமத்தின் முன் நாங்கள் அந்த வரியை எதிர்த்து வாதிட முடிந்தது. வழக்கு என்று ஒன்று இருந்ததால், வழக்கறிஞர் என்று ஒருவரும் இருந்தார். பள்ளி அறையில் எழுதப்படும் கோப்பை எதிர்த்து யார், எங்கே வாதிடுவது?

ஆலன்டவுன் முதல் ரிவர்சைடு வரை

அமெரிக்க முன்மாதிரி என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் வேறுபட்ட இரண்டு கதைகள் கலந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் நமக்குப் பயன்.

முதல் கதை பென்சில்வேனியா மாநிலத்துடையது. அங்குள்ள லீஹை மாவட்டத்தில் 1990இல் ஆலன்டவுன் நகரப் பள்ளியில் நன்னடத்தை அலுவலருக்கு அலுவலக அறை ஒதுக்கப்பட்டது. நீதிமன்றத்தால் ஏற்கெனவே நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்ட மாணவர்களை, மாதம் ஒருமுறை அலுவலகத்துக்கு வரவழைப்பதற்குப் பதிலாக, அவர்கள் இருக்கும் இடத்திலேயே வாரத்தில் பலமுறை சந்திப்பதே நோக்கம். வருகை, மதிப்பெண், வீட்டில் நடப்பது எல்லாம் உடனுக்குடன் தெரியும். தவறினால் காப்பகத்துக்கு அனுப்புவதற்கு முன் பேசிப் பார்க்க நேரம் கிடைக்கும். இந்த முறை அம்மாநிலத்தின் பிற மாவட்டங்களுக்கும் பரவியது. இதில் நியாயமான ஒரு கூறு இருப்பதை மறுக்க முடியாது. ஒரு நீதிமன்ற ஆணை இருக்கிறது, அதற்குக் கால வரையறை இருக்கிறது, மாணவருக்கு வழக்கறிஞர் இருக்கிறார். இதற்குள்ளும் ஓர் ஆபத்து உண்டு. அருகிலேயே அமர்ந்திருப்பவர் கண்ணில் எல்லாம் படும். வேறொரு மாணவர் செய்தால் ஆசிரியரின் கண்டிப்போடு முடியும் குறும்பு, கண்காணிப்பில் இருப்பவர் செய்தால் நீதிமன்ற நிபந்தனை மீறலாகிவிடும்.

இரண்டாம் கதை கலிபோர்னியாவின் ரிவர்சைடு மாவட்டத்துடையது. அங்கே இளைஞர் பொறுப்புடைமைக் குழு என்ற பெயரில், நன்னடத்தைத் துறை பள்ளிகளோடு இணைந்து ஒரு திட்டத்தை நடத்தியது. குற்றம் எதுவும் சாட்டப்படாத மாணவர்களையும் அது எடுத்துக்கொண்டது. ஆசிரியரை எதிர்த்துப் பேசுதல், தாமதமாக வருதல் போன்ற பள்ளி ஒழுங்கு சார்ந்த காரணங்களுக்காகவே குழந்தைகள் ஆறு மாத ஒப்பந்தங்களில் கையெழுத்திட வைக்கப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. முன்னறிவிப்பற்ற வீட்டுச் சோதனை, போதைப்பொருள் பரிசோதனை, யாரோடு பழகலாம் என்ற கட்டுப்பாடு ஆகியவை நிபந்தனைகளாக இருந்தன. 'விருப்பத்தின் பேரில்' என்று தாளில் எழுதியிருந்தது. மறுத்தால் வழக்கு வரும் என்ற அச்சம் பெற்றோரிடம் இருந்தது. கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாக இதில் சிக்கினார்கள் என்று கூறி, சிக்மா பீட்டா சை என்ற இளைஞர் வழிகாட்டு அமைப்பும் சில மாணவர்களும் 2018இல் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடினார்கள். அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம் அவர்களுக்காக வாதாடியது. 2019இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பள்ளி ஒழுங்கு சார்ந்த சிறு காரணங்களுக்காகக் குழந்தைகளை எடுத்துக்கொள்வதைக் கைவிடவும், சமூக அமைப்புகளின் பணிக்கு நிதி தரவும், திட்டத்துக்குள் வரும் சிறாருக்கு வழக்கறிஞர் உதவி கிடைக்கச் செய்யவும் மாவட்ட நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு, பள்ளிச் சிக்கல்களுக்காகக் குழந்தைகளை நன்னடத்தைத் துறையிடம் அனுப்பும் வழக்கத்தைக் கட்டுப்படுத்தி மாநிலச் சட்டமே திருத்தப்பட்டது.

இடையில் ஒரு வேடிக்கையும் நடந்தது. 'ஆபத்தில் இருக்கும் மாணவர்' என்ற சொல் இழிவு தருகிறது என்று கருதி, 2019இல் கலிபோர்னியா தன் கல்விச் சட்டத்தொகுப்பில் அதை 'நம்பிக்கை தரும் மாணவர்' என்று பொருள்படும் சொல்லால் மாற்றியது. நம் ஊரில் 'ஹரிஜன்' என்ற சொல்லைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பதற்கு அதிகம் இருக்காது.

நம்மிடம் இந்த யோசனையைக் கொண்டுவருபவர்கள் ஆலன்டவுனைக் காட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் விவரிக்கும் பணி ரிவர்சைடின் பணி. 'வழிதவறக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டறிதல்' என்பதில் நீதிமன்ற ஆணை இல்லை, கால வரையறை இல்லை, வழக்கறிஞர் இல்லை.

முன்கூட்டியே கண்டறிதலின் பழைய வரலாறு

குற்றம் செய்வதற்கு முன்பே குற்றவாளியைக் கண்டறியும் முயற்சி இம்மண்ணுக்குப் புதிதன்று. 1871இல் பிறந்து, 1911இல் விரிவாக்கப்பட்டபின் சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்த குற்றப் பரம்பரையினர் சட்டம், பிறப்பையே அறிகுறியாகக் கொண்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டம், அறிவிக்கப்பட்ட சமூகங்களின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் வைக்கும் அதிகாரத்தையும் அரசுக்கு வழங்கியது. அதாவது, பள்ளியையும் காவலையும் ஒன்றாக்கும் ஏற்பாடு இங்கே நூறாண்டுக்கு முன்பே இருந்தது. அதற்கும் 'சீர்திருத்தம்' என்றுதான் பெயர். இன்று தென்மாவட்டப் பள்ளிகளில் தலித் மாணவர்மீது ஆதிக்கம் செலுத்தும் சாதிகளில் சிலவும் அன்று அந்தப் பட்டியலில் இருந்தவை. இதை யாரையும் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பட்டியல் போடும் அதிகாரம் யாரை எப்போது பிடிக்கும் என்பது பட்டியல் போடுபவர் கையில் இருக்கிறது என்பதால் சொல்கிறோம். விடுதலைக்குப் பின் 1952இல் நாடு முழுவதும் அச்சட்டம் நீக்கப்பட்டது. குறவர், ஒட்டர் குடியிருப்புகளுக்குள் திருட்டு வழக்கென்றால் காவல்துறை முதலில் நுழையும் வழக்கம் மட்டும் அதனோடு நீங்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, சிறைகளில் இருப்போரில் அவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

இந்தப் பின்னணியில் ஒரு மேல்நிலைப் பள்ளியைக் கற்பனை செய்து பாருங்கள். அறைக்கதவில் 'நன்னடத்தை அலுவலர்' என்ற பலகை. அறிகுறிகள் என்று அவரிடம் தரப்படும் பட்டியலில் என்னென்ன இருக்கும்? அடிக்கடி விடுப்பு, தாமதம், மதிப்பெண் சரிவு, ஆசிரியரை எதிர்த்துப் பேசுதல், குடிக்கும் தகப்பன், வேலைக்குப் போகும் சிறுவன். இவற்றில் ஒவ்வொன்றும் சாதிக்கொடுமைக்கு உள்ளாகும் மாணவரிடம் தோன்றக்கூடியது. கழிப்பறை கழுவச் சொன்னதை மறுத்தவரும் 'எதிர்த்துப் பேசியவர்'தான். பேருந்தில் தினமும் வம்பிழுக்கப்படுவதால் அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தவரும் 'தாமதமாக வந்தவர்'தான். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன மாணவர், அந்த ஆகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில், இந்தப் பட்டியலின் முதல் வரியிலேயே அகப்பட்டிருப்பார். அவரைத் துன்புறுத்தியவர்களோ? வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கு நேரே குறை இல்லாதிருந்திருக்கலாம். ஊரில் செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளை, விளையாட்டில் கெட்டி, ஆசிரியருக்கு அண்ணன் மகன் முறை என்றால் அவருடைய கையில் கட்டியிருக்கும் வண்ணக்கயிறு எந்த அறிகுறிப் பட்டியலிலும் வராது. கயிறுகளைத் தடுக்க 2019இல் பள்ளிக் கல்வித்துறை அனுப்பிய சுற்றறிக்கை, எதிர்ப்பு வந்தவுடன் என்ன பாடுபட்டது என்பதை நாம் பார்த்தோம். மூன்றாண்டு கழித்து, 2022 ஏப்ரலில், அதே திருநெல்வேலி மாவட்டத்தின் அரசுப் பள்ளி ஒன்றில் கயிறு தொடர்பான மோதலில் ஒரு மாணவர் உயிரிழந்தார்.

சட்டத்தின் பக்கமிருந்தும் இது தவறு. ஒவ்வொரு குழந்தையும் பதினெட்டு வயதுவரை தீய நோக்கமற்றவராகக் கருதப்பட வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 3இன் முதல் கோட்பாடு. இழிவு தரும் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது, அந்தரங்கம் காக்கப்பட வேண்டும், புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு தரப்பட வேண்டும் என்பவையும் அதே பிரிவில் உள்ளன. விசாரணைக்குள்ளான சிறாரின் பெயர், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்களில் வெளியிடுவதைப் பிரிவு 74 தடுக்கிறது. வழக்கு முடிந்துவிட்டால் நடத்தைச் சான்றுக்காகக்கூடக் காவல்துறை அந்தப் பதிவைத் தெரிவிக்கக் கூடாது. இத்தனை கவனத்தோடு எழுதப்பட்ட சட்டத்தின் அலுவலரைப் பள்ளி வராந்தாவில் உட்காரவைத்தால், அவர் அறைக்குள் இடைவேளையில் நுழையும் ஒவ்வொரு மாணவரும் முந்நூறு கண்களுக்கு முன் பெயர் சூட்டப்படுகிறார்.

காவல்துறை ஏற்கெனவே பள்ளிக்குள் வரத் தொடங்கிவிட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2022 செப்டம்பரில் சென்னையில் தொடங்கப்பட்ட 'சிற்பி' திட்டம் 100 பள்ளிகளில் எட்டாம் வகுப்பு மாணவர்கள் 5,000 பேரைக் காவல்துறையோடு இணைத்தது. அது நட்புறவுத் திட்டம் என்றே அறிமுகமானது, அதைக் கண்காணிப்பு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பள்ளியில் சிக்கல் என்றவுடன் அரசின் கை நலத்துறைப் பக்கம் நீளாமல் சீருடைப் பக்கம் நீள்கிறது என்ற போக்கு தெரிகிறது.

அலுவலர் வரவேண்டிய இடம்

நன்னடத்தை அலுவலர் பள்ளிப் படியையே மிதிக்கக் கூடாது என்று நாம் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூர்நோக்கு இல்லத்திலிருந்து பிணையில் வெளிவரும் தலித் சிறுவன் ஒருவனை மீண்டும் பத்தாம் வகுப்பில் சேர்க்க எத்தனை முறை அலைய வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். தலைமையாசிரியர் நேரடியாக மறுப்பதில்லை. 'மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், தனித்தேர்வராக எழுதட்டும்' என்பார். அந்த மேசைக்கு முன்னால் அரசு அதிகாரம் கொண்ட ஒருவர் அமர்ந்து, பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்று பிரிவு 18இன்கீழ் குழுமமே ஆணையிடலாம் என்று எடுத்துச் சொன்னால் கதை வேறாகும். 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு இல்லத்தில், திருட்டுக் குற்றச்சாட்டில் பிடிக்கப்பட்டுச் சில நாட்களே ஆன பதினேழு வயதுச் சிறுவன் உயிரிழந்ததும், பணியாளர்கள் கைதானதும் நினைவிருக்கும். இல்லத்துக்குள் செல்லாமல் ஒரு சிறுவனை வீட்டிலும் பள்ளியிலும் தக்கவைக்கும் ஒவ்வொரு அறிக்கையும் உயிர்காக்கும் அறிக்கைதான்.

மறுபக்கமும் இருக்கிறது. நம் இயக்கத்துக்குள் இது எளிதான பேச்சு அன்று. தலித் மாணவரை வெட்டிய பதினேழு வயதுக்காரரை என்ன செய்வது? கொடுங்குற்றமென்றால், பதினாறு வயது நிறைந்தவரை வயதுவந்தோருக்கான முறையில் விசாரிக்கலாமா என்பதைப் பிரிவு 15இன்கீழ் முதனிலை மதிப்பீடு செய்து முடிவெடுக்கிறார்கள். வெட்டுப்பட்டவரின் தாய் அதைத்தான் கேட்பார். அவரிடம் சீர்திருத்தம் பற்றி வகுப்பெடுக்கும் தகுதி நமக்கில்லை. அதேநேரம் இளைஞர் நீதிச் சட்டத்தின் பாதுகாப்பு தளர்ந்தால், அதன் முழுச் சுமையும் வழக்கறிஞர் வைக்க வழியற்ற நம் பிள்ளைகள்மீது இறங்கும் என்பதையும் நீதிமன்ற வராந்தாவில் நிற்கும் நாங்கள் அறிவோம். எனவே சட்டத்தைத் தளர்த்தாமல், அதன் அறிக்கையைக் கூர்மையாக்கக் கோருகிறோம். அந்தச் சிறுவனுக்குக் கயிறு யார் வாங்கிக் கொடுத்தார்? அரிவாள் யாருடையது? கைப்பேசியில் எந்தச் சாதிச்சங்கத்தின் காணொளிகளைப் பகிர்கிறான், அவற்றை அனுப்பியவர் வயது என்ன? சிறாரைச் சட்டவிரோதச் செயலுக்குப் பயன்படுத்தும் வயதுவந்தவர்களுக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கலாம் என்கிறது பிரிவு 83. விசாரணையில் இந்தக் கேள்விகள் எழுந்தாலன்றி அப்பிரிவு ஏட்டிலேயே கிடக்கும்.

பாதிக்கப்பட்ட மாணவர் இவ்வறிக்கைகளில் அநேகமாக இடம்பெறுவதே இல்லை. குற்றம் சாட்டப்பட்ட சிறுவன் பிணையில் வந்து அதே பள்ளிக்கு, அதே பேருந்தில் திரும்பினால் அவருக்கு என்ன ஆகும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 15அ, பிணை உள்ளிட்ட நடவடிக்கைகளில் பாதிக்கப்பட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறது. குழுமத்தின் முன் நடக்கும் நடவடிக்கைகளுக்கும் அந்த உரிமை பொருந்தும் என்று நாம் வாதிடுகிறோம். பாதிக்கப்பட்டவர் வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ளட்டும் என்று முடிப்பதே இன்றைய வழக்கம். நன்னடத்தை அலுவலர் தன் அறிக்கையில் இரு மாணவரின் பள்ளி, வழித்தடம், விடுதி ஆகியவற்றைப் பதிந்து, மாற வேண்டியவர் யார் என்பதைக் குழுமத்தின் கேள்வியாக்கினால் அந்த வழக்கம் உடையும்.

அப்படியானால் வழக்கு எதுவும் இல்லாத மற்ற ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு யார்? நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் கே. சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு 2024 ஜூன் 18 அன்று அளித்த அறிக்கை இதற்கு விடை தந்திருக்கிறது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் என்ற பணியிடத்தை உருவாக்கி, கேலிவதை, போதைப்பொருள், பாலியல் துன்புறுத்தல், சாதிப் பாகுபாடு ஆகியவற்றைக் கண்காணிக்கும் பொறுப்பை அவருக்குத் தர வேண்டும் என்றது அது. நம் கருத்தில் இந்தப் பணியிடம் நன்னடத்தைப் பிரிவிலிருந்தோ காவல்துறையிலிருந்தோ அனுப்பப்படுபவரால் நிரப்பப்படக் கூடாது. சமூகப் பணியில் பட்டம் பெற்ற, நிரந்தரப் பணியில் அமர்ந்த, உள்ளூர்ச் சாதி வலைக்கு வெளியே இருக்கும் ஒருவராக இருக்க வேண்டும். அவர் முதலில் கவனிக்க வேண்டியது வகுப்பறையை. வராத மாணவரின் குணத்தை ஆராய்வது அவர் வேலையாகக் கூடாது. விடுப்புப் பட்டியலைப் பார்த்து, இந்த வகுப்பில் ஒரே தெருவிலிருந்து வரும் மூன்று பேர் ஏன் வரவில்லை என்று கேட்டு, வன்கொடுமை என்று தெரிந்தால் தலைமையாசிரியரின் அனுமதிக்குக் காத்திராமல் புகார் அனுப்பும் கடமை அவருக்கு இருக்க வேண்டும். புகார் அனுப்பிய அன்றிரவு அந்த மாணவர் எங்கே உறங்குவார் என்பதைத் தீர்மானிப்பதும் அக்கடமையில் சேரும். வள்ளியூரில் விடுபட்டது அதுதான்.

எண்ணிக்கையையும் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஒன்றுக்குச் சட்டம் மற்றும் நன்னடத்தை அலுவலர் ஒருவர் என்பது ஒன்றிய அரசின் வத்சல்யா திட்ட அளவு. அரசுப் பள்ளிகள் மட்டும் 37,000க்கு மேல். இளைஞர் நீதி அமைப்பின் காலிப் பணியிடங்களை நிரப்புமாறு உச்ச நீதிமன்றம் சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 2018 பிப்ரவரியிலேயே ஆணையிட்டது. குழுமத்தின் முன் நிற்கும் சிறுவனின் வீட்டுக்கே போக நேரமில்லாத அலுவலரைப் பள்ளிக்கும் அனுப்பினால், இரண்டு இடத்திலும் முகவரியைப் பார்த்துத்தான் எழுதுவார்.

இதைப் படிக்கும் மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் தங்கள் மாவட்டத்தில் உடனே செய்யக்கூடியது ஒன்றுண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, அவற்றில் ஒப்பந்தப் பணி எத்தனை? கடந்த மூன்றாண்டுகளில் 15 நாட்களுக்குள் தரப்பட்ட சமூக விசாரணை அறிக்கைகள் எத்தனை, வீட்டுக்கு நேரில் சென்று எழுதப்பட்டவை எத்தனை? குழுமத்தின் ஆணைப்படி மீண்டும் பள்ளியில் சேர்க்கப்பட்ட சிறார் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதி, பழங்குடியினர் எத்தனை பேர்? பிரிவு 83இன்கீழ் வயதுவந்தோர்மீது பதிவான வழக்குகள் எத்தனை? எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். சிறாரின் பெயரையோ வழக்கு எண்ணையோ கேட்டால் பிரிவு 74ஐக் காட்டி மனுவை முழுதாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.